தாம்பூலப் பையில் ஒரு கட்டைவிரல்

போன ஞாயிற்றுக்கிழமை பண்டசோழநல்லூரில் ஒரு நிச்சயதார்த்தம். போய்விட்டு மதியம் மூன்று மணிக்கு வில்லியனூர் வீட்டுக்கு வந்து, கொடுத்தனுப்பிய தாம்பூலப் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன்.

ஒரு தேங்காய். இரண்டு வெற்றிலை. ஒரு பாக்குப் பொட்டலம். ஒரு சாத்துக்குடி. அப்புறம்... ஒரு கட்டைவிரல்.

பயப்படாதீர்கள். பிளாஸ்டிக் விரல்தான். அதுவும் என்னுடையதுதான். ஆனால் அது அந்தப் பைக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு மேஜிக் ரகசியத்தை உடைத்தாக வேண்டும். மேஜிக் செய்கிறவர்கள் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. என்னை எந்தச் சங்கத்திலும் சேர்த்ததே இல்லை!

சில வருஷங்களுக்கு முன்னால் பாண்டி பொருட்காட்சியில் ஒரு ஸ்டாலில் வாங்கிய ஐட்டம் அது. தொப்பி மாதிரி கட்டைவிரல் நுனியில் மாட்டிக்கொள்கிற ஒரு பிளாஸ்டிக் உறை. நகம்கூட உண்டு. உள்ளே கடுகு சைஸில் ஒரு சிவப்பு பல்பு, பொட்டு அளவுக்கு ஒரு பாட்டரி. லேசாக அழுத்தினால் எரியும், விட்டால் அணைந்துவிடும். ஜோடியாகத்தான் விற்பார்கள் — வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று.

அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் செய்து பார்த்தால் தெரியும். காற்றில் ஒரு சிவப்பு வெளிச்சத்தைப் பறிக்கலாம். அதை வலது காதில் போட்டு இடது காதில் எடுக்கலாம். விழுங்கலாம். முழங்கையிலிருந்து வரவழைக்கலாம். முதன்முதலில் என் மனைவிக்குத்தான் செய்து காட்டினேன். கண்ணை அகல விரித்து, "ஐயோ, எப்படிங்க?" என்று கை தட்டினாள். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்தநாள், காதுகுத்து, ஸ்கூல் ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். கூப்பிடாத இடத்துக்கும் போனேன் என்று என் மச்சான் சொல்வான். நம்பாதீர்கள்.

இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அந்த விரலைக் கண்டுபிடித்ததில்லை. பளபளவென்று ரோஸ் நிறத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் விரல் மாதிரி இருக்கும் அது. நானோ நல்ல மாநிறம். அப்படியும் யாரும் பார்த்ததில்லை. ஏன்? எல்லோரும் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள். எவனாவது கட்டைவிரலைப் பார்ப்பானா?

ஒருவர் பார்த்தார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் நண்பர் அங்கே சூப்பர்வைசர். மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்த பிறகு, தொழிலாளர் குடும்பங்களுக்காக என் பதினைந்து நிமிஷ ஷோ. வெளிச்சத்தைப் பறித்து எறிந்தேன். அத்தனை தலையும் இடமிருந்து வலம் திரும்பின. பிடித்தேன். அத்தனையும் வலமிருந்து இடம் திரும்பின.

ஷெட் வாசலில் நின்ற வாட்ச்மேனின் தலை மட்டும் திரும்பவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷோ முடிந்து பையை மூடும்போது பக்கத்தில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது கை யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள்.

"சார், அந்தக் கட்டவெரல காட்டுங்க."

"எந்தக் கட்டைவிரல்?" என்று சிரித்து மழுப்பினேன்.

"லைட்டு வுட்டீங்களே, அது. அது ஒங்க வெரலு இல்ல சார். கலரு வேற."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லையே!"

அவர் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். கட்டைவிரலில் மேல் கணு இல்லை. நகம் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்பே விரல் முடிந்துபோயிருந்தது.

"பவர் பிரஸ் மிஷின்ல போயிடுச்சி. ஒம்போது வருசம் ஆவுது. அதுலேருந்து நான் எல்லார் கட்டவெரலயுந்தான் பாத்துகினு இருக்கன்."

ஏழுமலை என்று பெயர். சொந்த ஊர் பண்டசோழநல்லூர். விபத்துக்குப் பிறகு மிஷினிலிருந்து கேட் காவலுக்கு மாற்றியிருக்கிறார்கள். என் நண்பர் பிறகு சொன்னார் — ஏழுமலை இடது கையால்தான் சல்யூட் அடிப்பாராம். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், இந்த ஆளுக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டாராம். அவரிடமும் ஏழுமலை காரணத்தைச் சொல்லவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெரிய ஞானி மாதிரி, "யாரும் யார் கட்டைவிரலையும் பார்க்கிறதில்லைங்க. என் வித்தையே அதை நம்பித்தான் ஓடுது" என்றேன்.

"இருக்கறவங்களுக்கு அப்படித்தான் சார் தோணும்" என்று சொல்லிவிட்டு கையை மறுபடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம். ஏழுமலை. என் மனைவி கொடுத்த டீயை இடது கையால் வாங்கிக்கொண்டார். பாதி டீ வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"எம்பொண்ணு கௌரிக்கி ஞாயித்துக்கெழம நிச்சியம் சார். மாப்ள வூடு பூரணாங்குப்பம். அவுங்கப்பா நாகமுத்துனு, கொத்தனார் மேஸ்திரி. நல்ல எடம்."

"ரொம்ப சந்தோஷம்."

"தட்டு மாத்தணும் இல்ல... எங்கக்கா இன்னா சொல்லுதுனா, நல்ல காரியத்துல கொறயான கை வோணாம், நீ பக்கத்துல குந்திக்கோ, ஒந்தம்பி எழுந்து மாத்தட்டும்னு சொல்லுது." டம்ளரைக் கீழே வைத்தார். "பெத்தவன் நான் இருக்கன் சார்."

அந்தக் கடைசி வார்த்தைகளை டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரு மனுஷன் மகளைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, கடைசியில் அவளுக்கான தட்டைத் தன் கையால் கொடுக்க முடியாது என்றால் என்ன நியாயம்? எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் நான் உடனே பிரசங்கத்தில் இறங்கிவிடுவேன். "அதெல்லாம் மூடநம்பிக்கைங்க. தைரியமா எழுந்து நின்னு..."

"பேசறது ஈசி சார். எங்கக்காவாண்ட வந்து பேசுங்க."

பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"மாப்ள வூட்டுக்குத் தெரியாது. பொண்ணு பாக்க வந்தப்பகூட கைய மேல்துண்டுல சுத்திகினு சமாளிச்சிட்டன். பெரிய ஆஸ்பத்திரில செயற்க வெரலு தருவாங்களாம். அளவு எடுத்து வர்றதுக்கு மாசக்கணக்கா ஆவும்னுட்டாங்க. அதான்... ஒங்க வெரல ஒரு நாளிக்கி குடுத்தீங்கனா..."

மேஜிக் சாமானை இரவல் கேட்டு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். இப்படி யாரும் வந்ததில்லை. உள்ளே போய் வலது கை விரலை எடுத்து வந்தேன். மாட்டிப் பார்த்தார். தொளதொளவென்று இருந்தது. பஞ்சு அடைத்து, அடியில் தோல் நிற பிளாஸ்டர் சுற்றினோம். என் மனைவி எட்டிப் பார்த்து, "கலரு ஒத்து வரலையே" என்று சொல்லிவிட்டு, மகளின் மேக்கப் டப்பாவைக் கொண்டுவந்து, கிரீமையும் பவுடரையும் கலந்து பூசினாள். பத்து நிமிஷத்தில் அது ஏழுமலையின் விரலாகிவிட்டது.

அவர் கையை விளக்குக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஐந்து விரல்!

ஒத்திகையும் பார்த்தோம். எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டில் ஒரு தேங்காயை வைத்து, அவர் கொடுக்க, நான் சம்பந்தியாக நின்று வாங்க, ஏழெட்டு தடவை. "அழுத்தாம, லேசாப் பிடிங்க. அழுத்தினா லைட் எரியும்" என்று பாடம் நடத்தினேன். ஒரு தடவைகூட எரியவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த பாட்டரியை ஒரு குண்டூசியால் நெம்பி எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் பிளாஸ்டிக் கீறும், திரும்ப ஒட்டுவது கஷ்டம். அடுத்த மாதம் எனக்கு ஒரு காதுகுத்து ஷோ இருந்தது. அந்த மனுஷன் தன் மானத்தையே என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிற்கிறார். நான் என் பொம்மை கெட்டுப்போகுமே என்று பார்த்தேன். இதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஷாமியானா. வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டாரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு ஊர் ஜனம் நின்றதால், பதினோரு மணிக்கே கூடம் இருட்டாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியில். என் சட்டைப் பாக்கெட்டில் ஜோடியின் இன்னொரு விரல். ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதீர்கள். எங்கே போனாலும் எடுத்துப்போவேன்.

ஏழுமலை மொடமொடவென்று புது வேட்டி சட்டையில் இருந்தார். வலது கை வெளியே, மடிமேல். அக்கா ஓரமாக உதட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழுமலையின் தம்பி, தேவைப்பட்டால் எழுந்து நிற்கத் தயாராக, பக்கத்திலேயே இருந்தார்.

நிச்சயப் பத்திரிகையைப் படித்து முடித்தார்கள். "தட்ட மாத்துங்கப்பா" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

ஏழுமலை எழுந்தார். தட்டைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பித்தளைத் தாம்பாளம். அதில் ஐந்து வகைப் பழம், இரண்டு தேங்காய், கல்கண்டு, பட்டுப்புடவை, வேட்டி. என் ஒத்திகையில் ஒரே ஒரு தேங்காய்!

தூக்கினார். இவ்வளவு பாரத்தை யாரால் லேசாகப் பிடிக்க முடியும்?

சிவப்பாக எரிந்தது.

"ஏ... மாமா கையில லைட்டு எரியுது!" — ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்த ஒரு வாண்டு கத்தியது.

ஏழுமலை குனிந்து பார்த்தார். பதற்றத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தார். இன்னும் பிரகாசமாக எரிந்தது. வீடியோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார்.

"இன்னாடா இது கருமம்..." என்று அக்கா எழுந்தார். தம்பியும் எழுந்துவிட்டார். தட்டு ஏழுமலை கையைவிட்டுப் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. பாக்கெட்டிலிருந்த விரலை மாட்டிக்கொண்டு எழுந்தேன். என் திட்டம் இதுதான் — சிரித்துக்கொண்டே நடுவில் நுழைவேன், "மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு சின்ன சர்ப்ரைஸ்" என்பேன், ஏழுமலை கையிலிருந்து வெளிச்சத்தைப் பறித்து மாப்பிள்ளை காதில் போடுவேன். எல்லோரும் கை தட்டுவார்கள். ரகசியம் தப்பிவிடும். இரண்டு எட்டு வைத்தும்விட்டேன்.

அதற்குள், தட்டை வாங்க எழுந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா நாகமுத்து மேஸ்திரி தன் உள்ளங்கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்து, மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். கூடம் அமைதியாக இருந்ததால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"அத்த கழட்டிட்டுப் புடிங்க சம்மந்தி. பிளாஸ்டிக்கு, வழுக்குது. தட்டு வுழுந்துடப் போவுது."

ஏழுமலை தட்டை விடாமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாத்துட்டன். மேஸ்திரி வேல எனக்கு. ஒரு ஆளு வந்தா மூஞ்சிய அப்பால பாப்பன், மொதல்ல கையத்தான் பாப்பன். ஒழச்ச கை அது. அதுக்கு இன்னா இப்ப? கழட்டுங்க."

ஏழுமலையின் இரண்டு கையும் தட்டில் இருந்தன. மணைமேல் உட்கார்ந்திருந்த கௌரி எழுந்து வந்தாள். அப்பாவின் விரலைப் பிடித்து, பிளாஸ்டரைப் பிரித்து, மெதுவாக உருவினாள். வெளிச்சம் அணைந்தது. அதைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு அப்பாவின் பக்கத்திலேயே நின்றாள்.

ஏழுமலை மறுபடி தட்டைப் பிடித்தார். இந்தத் தடவை நன்றாக, இறுக்கமாக. அந்தக் குட்டைக் கட்டைவிரல் வெற்றிலைமேல் அழுந்தி நின்றது. நாகமுத்து அடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, முறைப்படி எதிரே நின்று வாங்கினார். ஏழுமலையின் கண்ணிலிருந்து தண்ணீர் நேராக வாழைப்பழத்தின்மேல் விழுந்தது. எனக்கும்தான் கண் கலங்கியது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அக்கா என்ன செய்தார் என்கிறீர்களா? வீடியோக்காரரைப் பிடித்துத் திட்டினார். "வாயப் பொளந்துகினு இன்னா பாக்குற? புடிடா! எந்தம்பி தட்டு மாத்துறான் பாரு!"

நான் மட்டும் நடுக் கூடத்தில், விரலை உயர்த்திய வாக்கில் நின்றுகொண்டிருந்தேன். பளபளவென்று, ரோஸ் நிறத்தில். அன்று அந்த வீட்டில் யாருமே பார்க்காத ஒரே கட்டைவிரல் என்னுடையதுதான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் எனக்கு இதே யோசனைதான். ஒன்பது வருஷமாக ஏழுமலை ஒளித்துவைத்ததை நாகமுத்து ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரத்தில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டு விழுந்துவிடும் என்ற நிலை வந்திருக்காவிட்டால் கடைசி வரைக்கும் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நம்மில் யாரிடம் இப்படி ஒரு விரல் இல்லை? ஒருவர் மகன் பாஸ் பண்ணாததை மறைக்க அவன் பைக்கைப் பற்றியே பேசுவார். இன்னொருவர் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனதை மறைக்க, ஜோடியாக எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டே இருப்பார். இங்கே ஒரு வெளிச்சத்தைக் காட்டினால் அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. நான்கூட இந்தப் பத்தியில் வாராவாரம் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே... சரி, அது போகட்டும்.

பார்க்க மாட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அது தெரியாமல் நாம் வாழ்நாள் முழுக்க லைட் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கிளம்பும்போது கௌரிதான் தாம்பூலப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உள்ள இருக்குது சார், பத்தரம்" என்றாள். ஏழுமலை தெருமுனை வரைக்கும் வந்தார். பாட்டரி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சாப்ட்டீங்களா சார்? பாயசம் வச்சாங்களா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் வண்டியைக் கிளப்பியதும், பழக்கதோஷம், சல்யூட்டுக்கு இடது கை பாதி எழுந்தது. அப்படியே இறங்கியது. பிறகு வலது கையால் அடித்தார்.

இவ்வளவையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மனைவியிடம் சொல்லி முடித்தேன். மேசைமேல் அந்த விரல், வெற்றிலைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம்.

"ஏன்டி, நான் முதன்முதல்ல இந்த வித்தையைச் செஞ்சு காட்டினப்போ நீ கண்ணை விரிச்சுப் பார்த்தியே... நிஜமாவே உனக்கு விரல் தெரியலையா?"

அவள் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்திருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் கட்டிக்கிட்ட ஆளுக்கு ரோஸ் கலர்ல கட்டைவிரல் கிடையாதுங்க."